கிள்ளினால் வலிக்கிறதா?

பின்னங்கால்கள் ஓரிரவில் செயலிழந்துபோன நாயைக் கையில் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு இரண்டு அச்சங்கள் இருக்கும். ஆபரேஷன் செய்யாவிட்டால் இது இனி நடக்கவே நடக்காதோ என்பது ஒன்று. செய்தால் அதனாலேயே ஏதாவது ஆகிவிடுமோ என்பது இன்னொன்று. முதல் நாள் மாலைவரை சோபாவில் ஏறுவதும் குதிப்பதுமாக இருந்த டாஷண்ட், காலையில் முன்னங்கால்களை மட்டும் ஊன்றி உடலை இழுத்துக்கொண்டு வருகிறது. பின்பாதி அதன் பேச்சைக் கேட்கவில்லை. அக்கம்பக்கத்தில் ஒருவர், "முதுகில் கத்தி வைத்தால் அவ்வளவுதான்" என்கிறார். இன்னொருவர், "இன்றைக்கே ஆபரேஷன் செய்யாவிட்டால் அவ்வளவுதான்" என்கிறார். நாயைப் பரிசோதிக்காமல் இந்த இரண்டில் எதையும் சொல்லிவிட முடியாது.

பெரும்பாலும் முடிவை அன்றைக்கே எடுக்க வேண்டியிருக்கும். அதனால் ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அறுவை சிகிச்சை தண்டுவடத்தைக் குணப்படுத்துவதில்லை. நசுங்கிப்போன நரம்பிழைகளை எந்தக் கத்தியாலும் தைக்க முடியாது. தண்டுவடத்தை நெருக்கிக்கொண்டிருக்கும் பொருளை வெளியே எடுப்பது மட்டும்தான் அறுவை மருத்துவரின் வேலை. மிச்சத்தைத் தண்டுவடமே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே ஆபரேஷன் தேவையா என்று கேட்கும்போது நாம் உண்மையில் கேட்பது இதைத்தான்: நெருக்கும் பொருள் ஏதாவது இருக்கிறதா, அதை எடுத்தால் தேறும் அளவுக்கு நரம்பில் உயிர் இருக்கிறதா, எடுக்காமலே தேறிவிடுமா?

நாயின் கழுத்தில் 7, மார்பில் 13, இடுப்பில் 7 என முள்ளெலும்புகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு இடையே அதிர்ச்சியைத் தாங்கும் வட்டுகள் இருக்கின்றன. டிஸ்க் என்று எல்லோரும் சொல்வது இவற்றைத்தான். வட்டின் வெளிப்புறம் நார் வளையம். உள்ளே நீர் நிறைந்த கூழ். இளநுங்கை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். நுங்கு முற்ற முற்ற உள்ளிருப்பது நீர் வற்றிக் கெட்டிப்படுவது போலவே, வயதாக ஆக வட்டின் உட்கூழும் இறுகும். மற்ற நாய்களுக்கு முதுமையில் நடக்கும் இந்த மாற்றம் டாஷண்ட் நாய்க்கு ஒரு வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. கூழ் இருந்த இடத்தில் குருத்தெலும்பு போன்ற திசு வளர்கிறது. பிறகு அதில் சுண்ணாம்புச் சத்து படிகிறது. அப்படிக் கெட்டிப்பட்ட வட்டு அதிர்ச்சியைச் சமமாகப் பரப்பாது. ஒரு நாள் சோபாவிலிருந்து குதிக்கும்போதோ, சும்மா திரும்பும்போதோ நார் வளையம் கிழிகிறது. உள்ளிருந்த கட்டி மேல்நோக்கிப் பீறிட்டுத் தண்டுவடக் குழாய்க்குள் போய் விழுகிறது.

சுவீடனைச் சேர்ந்த நோய்க்கூறியலாளர் ஹான்ஸ்-யோர்கன் ஹான்சன் 1950களின் தொடக்கத்தில் நாய்களின் வட்டுகளை ஆராய்ந்து இந்தச் சிதைவை இரண்டு வகையாகப் பிரித்தார். உட்கூழ் திடீரெனப் பீறிடுவது முதல் வகை. நார் வளையம் பல மாதங்களாக மெல்லத் தடித்துப் புடைப்பது இரண்டாவது வகை. இது பெரும்பாலும் வயதான பெரிய நாய்களுக்கு வரும். இன்றும் மருத்துவர்கள் ஹான்சன் ஒன்று, ஹான்சன் இரண்டு என்றுதான் பேசிக்கொள்கிறார்கள்.

டாஷண்டின் முதுகு நீளமாக இருப்பதால்தான் இந்த நோய் வருகிறது என்று பலரும் நம்புகிறார்கள். பீகிளுக்கு முதுகு அப்படி நீளமில்லை, அதற்கும் வருகிறது. காரணம் குருத்தெலும்பு வளரும் விதத்தில் இருக்கிறது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் டானிகா பன்னாஷின் குழு 2017இல் இதன் மரபணு வேரைக் கண்டுபிடித்தது. எஃப்ஜிஎஃப்4 என்ற வளர்ச்சி மரபணுவின் கூடுதல் பிரதி ஒன்று நாயின் 12ஆவது குரோமோசோமில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதுவே காலையும் சற்றுக் குட்டையாக்கி, வட்டையும் இளமையிலேயே முதிரவைக்கிறது. டாஷண்ட், பீகிள், பிரெஞ்சு புல்டாக், காக்கர் ஸ்பேனியல் ஆகியவற்றில் அது பரவலாக உண்டு. வளைக்குள் புகுந்து வேட்டையாட ஜெர்மானியர்கள் குட்டைக் கால் நாயைத் தேடித் தேடி இனவிருத்தி செய்தபோது, வட்டு நோயையும் சேர்த்தே வளர்த்தார்கள். டாஷண்டுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று வாழ்நாளில் ஒருமுறையாவது இந்த நோயின் அறிகுறிகளைக் காட்டுகிறது. பெரும்பாலும் 3 முதல் 7 வயதுக்குள் வருகிறது.

எந்த இடத்தில் வரும் என்பதற்கும் ஒழுங்கு இருக்கிறது. மார்பின் முன்பகுதியில் இடப்பக்க விலா எலும்பின் தலையையும் வலப்பக்க விலாவின் தலையையும் இணைத்து ஒரு தசைநார் வட்டின் மேல் குறுக்கே போகிறது. வட்டு மேலே பிதுங்காமல் அது தடுக்கிறது. கடைசி விலாக்களுக்கு அருகே அந்தத் தசைநார் இல்லை. அதனால் மார்பு முடிந்து இடுப்பு தொடங்கும் சந்திப்பில்தான் வட்டுகள் அதிகம் பீறிடுகின்றன. தண்டுவடம் அங்கே எலும்புக் குழாயை ஏறக்குறைய நிறைத்துக்கொண்டு ஓடுவதால் ஒதுங்குவதற்கு இடம் கிடையாது.

பீறிட்ட கட்டி தண்டுவடத்துக்கு இரண்டு கேடுகளைச் செய்கிறது. வேகமாக வந்து மோதி நசுக்குவது ஒன்று. அங்கேயே தங்கி அழுத்திக்கொண்டிருப்பது இன்னொன்று. அழுத்தத்தை மருத்துவர் எடுத்துவிடலாம். மோதிய அடி மோதியதுதான். ஒரே அளவு கட்டி இரண்டு நாய்களின் தண்டுவடத்தில் கிடக்கும். ஒன்று தள்ளாடியபடி நடக்கும், மற்றொன்றுக்கு உணர்வே இருக்காது. மோதிய வேகம் வேறு வேறாக இருந்ததே இதற்குக் காரணம்.

ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே, கையாலும் கண்ணாலும் செய்யும் பரிசோதனையில்தான் முடிவின் பெரும்பகுதி இருக்கிறது. நல்ல நரம்பியல் மருத்துவர் முதலில் நாயைத் தரையில் விட்டு நடையைப் பார்ப்பார். நடக்கிறதா, தள்ளாடுகிறதா, வயிற்றுக்குக் கீழே துண்டு கொடுத்துத் தாங்கினால் பின்னங்கால்களை அசைக்கவாவது செய்கிறதா என்று கவனிப்பார். பிறகு பாதத்தைப் பின்பக்கமாக மடித்து, நகங்களின் மேல்புறம் தரையில் படும்படி வைப்பார். நலமான நாய் அரை நொடியில் பாதத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளும். பாதம் எங்கே இருக்கிறது என்ற செய்தி மூளைக்குப் போகாவிட்டால் மடித்தபடியே விட்டுவிடும். முழங்காலுக்குக் கீழே தட்டிப் பார்ப்பார். கால் நன்றாக உதறினால் இடுப்பில் உள்ள நரம்பு மையங்கள் நலமாக இருக்கின்றன, கோளாறு அதற்கு மேலே என்று பொருள். அந்த உதறலே இல்லையென்றால் கோளாறு அந்த மையங்களிலேயே இருக்கலாம்.

முதுகுத் தோலைக் கிள்ளும் சோதனை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. ஈ உட்கார்ந்தால் நாயின் தோல் சிலிர்த்துத் துடிக்கும் அல்லவா, அந்தத் துடிப்பின் செய்தி தண்டுவடம் வழியாகக் கழுத்தின் அடிவரை மேலேறிப்போய்த் திரும்ப வருகிறது. இடுப்பிலிருந்து ஒவ்வொரு எலும்பாக முன்னோக்கிக் கிள்ளிக்கொண்டே வந்தால், ஓர் இடம் வரைக்கும் துடிப்பு இருக்காது. அதற்கு மேலே இருக்கும். அந்த எல்லைக்கு ஓரிரண்டு எலும்பு முன்னால் வட்டு பீறிட்டிருக்கும். ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல், இரண்டு விரல்களால் இடத்தைக் குறித்துவிடலாம்.

தண்டுவடத்தில் நெருக்கடி கூடக் கூடச் செயல்கள் ஒரு வரிசையில் போகின்றன. பாத நிலையை உணர்த்தும் தடித்த நரம்பிழைகள் முதலில் பழுதாகின்றன. அப்போது நாய் தள்ளாடும். அடுத்து அசைவும், சிறுநீரை அடக்கி விடும் கட்டுப்பாடும் போகும். ஆழமான வலியைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகள் தண்டுவடத்தின் உள்ளே இருபுறமும் பரவிக் கிடப்பதால் அவை கடைசிவரை தாக்குப்பிடிக்கும். அவையும் போய்விட்டால் தண்டுவடத்தின் முழுக் குறுக்குப் பரப்பும் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். இந்த வரிசையை வைத்துத்தான் மருத்துவர்கள் ஐந்து படிகள் சொல்கிறார்கள்: வெறும் முதுகுவலி; தள்ளாட்டத்தோடு நடை; அசைவு உண்டு, நடை இல்லை; அசைவே இல்லை, ஆழ்வலி உண்டு; அசைவும் இல்லை, ஆழ்வலியும் இல்லை. வீட்டாரின் கண்ணுக்குக் கடைசி மூன்றும் ஒன்றுபோலவே "நடக்காத நாய்". ஆனால் முடிவு முழுக்க அவற்றுக்கு இடையே உள்ள வேறுபாட்டில்தான் இருக்கிறது.

ஆழ்வலியைச் சோதிக்கப் பின்னங்கால் விரலின் எலும்பை இடுக்கியால் அழுத்துவார்கள். பார்க்கக் கஷ்டமாக இருக்கும். ஆனாலும் செய்தே ஆக வேண்டும், சரியாகவும் செய்ய வேண்டும். இங்கே ஒரு பெரிய பொறி காத்திருக்கிறது. அழுத்தியதும் நாய் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். "வலி தெரிகிறது, காலை இழுத்துக்கொண்டதே" என்று வீட்டார் மகிழ்வார்கள். காலை இழுப்பது இடுப்புப் பகுதித் தண்டுவடமே செய்யும் அனிச்சைச் செயல். மேலே முற்றிலும் துண்டிக்கப்பட்ட நாய்கூட இழுக்கும். நாம் தேடுவது மூளையின் பதிலை. தலையைத் திருப்பிப் பார்க்கிறதா, முனகுகிறதா, கடிக்க வருகிறதா, கண்மணி விரிகிறதா, மூச்சு மாறுகிறதா? கால் இழுபட்டு, முகத்தில் எந்தச் சலனமும் இல்லாவிட்டால் ஆழ்வலி இல்லை என்றுதான் கொள்ள வேண்டும். பயந்த நாயும் மிகப் பொறுமையான நாயும் வலியைக் காட்டாமல் இருப்பதுண்டு. அதனால் மற்றக் கால்விரல்களிலும், வெவ்வேறு நேரத்திலும் திரும்பச் சோதிப்பது நியாயம்.

இனி எண்களைப் பார்ப்போம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அசைவு இருந்தும் நடக்க முடியாத நாய்களில் அறுவை சிகிச்சைக்குப் பின் 100க்கு 90க்கும் மேல் மீண்டும் நடந்தன. கூண்டு ஓய்வும் மருந்தும் மட்டும் பெற்றவற்றில் சுமார் 80 நடந்தன. அசைவு போய் ஆழ்வலி மட்டும் இருந்தவற்றில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அப்போதும் 90க்கு மேல். மருந்து மட்டும் என்றால் சுமார் 60. ஆழ்வலியும் போனவற்றில் அறுவை சிகிச்சை பெற்றவை சுமார் 60. பெறாதவை 10 முதல் 20 வரைதான். படிப்படியாக இறங்க இறங்க இடைவெளி விரிந்துகொண்டே போவதைக் கவனியுங்கள். வெறும் வலியோ தள்ளாட்டமோ உள்ள நாய்க்கு ஓய்வே முதல் மருந்தாக இருக்கலாம். ஆழ்வலி போன நாய்க்கு ஓய்வு மட்டும் கொடுப்பது, பெரும்பாலும் அதன் நடையைக் கைவிடுவதற்குச் சமம்.

நடுவில் நிற்கிற நாய்தான் கடினம். அசைவு உண்டு, எழுந்து நிற்க முடியவில்லை; மருந்திலேயே ஐந்தில் நான்கு தேறுமென்றால் எதற்குக் கத்தி? பணமும் வசதியும் இருக்கிற வீட்டுக்கு நான் அறுவை சிகிச்சையைத்தான் சொல்வேன். தேறும் வேகம் கூடும், மிச்சக் குறைகள் குறையும், நோய் மறுபடி வரும் வாய்ப்பும் குறையும். 2007இல் வெளியான ஓர் ஆய்வு, மருந்தும் ஓய்வும் மட்டும் பெற்ற 223 நாய்களைப் பின்தொடர்ந்தது. 54.7 சதவீதம் நன்றாகத் தேறின, 14.4 சதவீதத்துக்குச் சிகிச்சை பலிக்கவில்லை, 30.9 சதவீதத்துக்குத் தேறிய பிறகு மறுபடியும் வந்தது. பாதிக்கு மேல் நல்ல முடிவு என்றும் படிக்கலாம். கிட்டத்தட்ட பாதிக்குத் தொல்லை தீரவில்லை என்றும் படிக்கலாம். அறுவை சிகிச்சையின்போது பக்கத்து வட்டுகளிலும் சிறு துளையிட்டு உட்கூழை எடுத்துவிட்டால், அவை பின்னாளில் பீறிடும் வாய்ப்பு குறைகிறது.

படியை மட்டும் பார்த்தால் போதாது, நாய் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு வாரமாக ஒரே மாதிரித் தள்ளாடும் நாயும், காலையில் தள்ளாடி மாலையில் விழுந்துவிட்ட நாயும் ஒரே படியில் இருந்தாலும் ஒன்றல்ல. இரண்டாவது நாய் இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. வீட்டார் தரும் மிகப் பெரிய உதவி இங்கேதான்: எப்போது தொடங்கியது, எந்த நேரத்தில் நடை நின்றது, கடைசியாக எப்போது தானாகச் சிறுநீர் கழித்தது என்று சொல்ல முடிவது. போனில் எடுத்த சிறு வீடியோ இருந்தால் இன்னும் நல்லது.

பின்னங்கால் விழுந்த நாய்க்கெல்லாம் வட்டுதான் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. ஓடும்போது ஒரு முறை அலறிவிட்டு விழுந்து, அடுத்த நாளே வலியின்றி, ஒரு பக்கம் மட்டும் அதிகம் செயலிழந்து கிடக்கும் நாய்க்கு, தண்டுவடத்தின் இரத்தக்குழாயில் குருத்தெலும்புத் துணுக்கு அடைத்திருக்கலாம். நெருக்கும் பொருள் ஏதுமில்லை. கத்திக்கு அங்கே வேலையும் இல்லை. இயன்முறைப் பயிற்சிதான் அதற்குச் சிகிச்சை. எட்டு வயதுக்கு மேற்பட்ட ஜெர்மன் ஷெப்பர்ட் மாதக்கணக்கில், வலியே இல்லாமல், பின்னங்கால் நகங்களைத் தரையில் தேய்த்துக்கொண்டே தளர்ந்தால் அது நரம்பிழைகள் தாமாகவே அழியும் நோயாக இருக்கலாம். எஸ்ஓடி1 என்ற மரபணுவின் பிழைக்கும் இதற்கும் உள்ள தொடர்பு 2009இல் தெரிய வந்தது. மனிதர்களின் ஏஎல்எஸ் என்ற நரம்பு நோயில் சில குடும்பங்களிடம் காணப்படுவதும் இதே மரபணுவின் பிழைதான். இதற்கும் அறுவை சிகிச்சை இல்லை. காய்ச்சலும் கடும் முதுகுவலியும் சேர்ந்து வந்தால் வட்டில் கிருமித் தொற்றாக இருக்கலாம். அதற்கு நீண்ட நாள் ஆன்டிபயாடிக் வேண்டும். தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண்கள் துடித்து, உருண்டு விழும் வயதான நாயைப் பார்த்தால் மூளையில் ஏதோ பெரிதாக நடந்துவிட்டதென்று தோன்றும். அவற்றில் பல, உட்காதுச் சமநிலை உறுப்பின் தற்காலிகக் கோளாறால் வந்தவை; சில நாட்களில் தாமாகத் தெளியும்.

நம் நாட்டில் இன்னும் இரண்டைச் சேர்த்தே நினைக்க வேண்டும். தடுப்பூசி போடாத குட்டிக்குக் காலோ தாடையோ இடைவிடாமல் துடித்தால் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய். தடுப்பூசி போடாத நாய்க்குக் கால்கள் விழுந்து, தாடை தொங்கி, எச்சில் வழிந்து, குரைப்பு மாறினால் வெறிநாய்க்கடி நோயின் ஊமை வடிவம். வெறியில்லாமல் வெறும் வாதமாகவே அந்த நோய் வருவதுண்டு. "தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும்" என்று வாய்க்குள் கைவிட்டுப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து. தடுப்பூசி அட்டையைக் கேட்பதும் நரம்பியல் பரிசோதனையின் ஒரு பகுதிதான்.

ஸ்கேன் எதற்கு என்றால், எங்கே, எந்தப் பக்கம் திறப்பது என்று தெரிந்துகொள்வதற்கு. சாதாரண எக்ஸ்ரேயில் சுண்ணாம்பேறிய வட்டும் குறுகிய இடைவெளியும் தெரியும், தண்டுவடம் தெரியாது. சி.டி. ஸ்கேனில் சுண்ணாம்புக் கட்டி நன்றாகத் தெரியும். எம்ஆர்ஐயில் தண்டுவடமே தெரியும்; அது வீங்கியிருப்பதும் தெரியும். நாய் அசையாமல் கிடக்க வேண்டுமென்பதால் எம்ஆர்ஐக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டும். இந்த வசதி எல்லா ஊர்களிலும் இல்லை. ஆனால் படத்தில் கட்டி பெரிதாக இருக்கிறது, ஆகவே ஆபரேஷன் என்று முடிவெடுக்கக் கூடாது. எம்ஆர்ஐயில் தெரியும் அழுத்தத்தின் அளவுக்கும் நாயின் அறிகுறிகளுக்கும், பின்னால் அது தேறுவதற்கும் நேரடித் தொடர்பு கிடைக்கவில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வயதான ஜெர்மன் ஷெப்பர்டின் படத்தில் ஓரிரு வட்டுகள் புடைத்திருப்பது வெகு சாதாரணம். அதன் கால்களைத் தளரச் செய்வது அந்தப் புடைப்பா, நரம்பிழைகள் அழியும் நோயா என்று பிரித்தறியாமல் கத்தி வைத்தால் நாய்க்கு வலியும் வீட்டுக்குச் செலவும்தான் மிஞ்சும். பரிசோதனை சொல்லும் இடமும் படம் சொல்லும் இடமும் ஒன்றாக இருந்தால்தான் கத்தி எடுக்கலாம்.

ஆபரேஷனில் முள்ளெலும்பின் வளைவை ஒரு பக்கமாகக் கொஞ்சம் வெட்டி ஜன்னல் திறப்பார்கள். அதன் வழியே தண்டுவடத்தை இழுக்காமல், நசுக்காமல் கட்டித் துணுக்குகளை எடுப்பார்கள். கழுத்து வட்டு என்றால் கீழ்ப்புறமாக, தொண்டைப் பக்கத்திலிருந்து போவார்கள். பழகிய கைகளில் இது நன்கு தேர்ந்த சிகிச்சை.

ஆழ்வலி போன நாயைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 24 அல்லது 48 மணி நேரம் தாண்டினால் பயனில்லை என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் அப்படி ஒரு கூர்மையான எல்லை தென்படவில்லை. நிக் ஜெஃப்ரியின் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில், தாமதத்துக்கும் தேறுவதற்கும் தொடர்பு காணப்படவில்லை. இதை வைத்து நிதானமாகப் போகலாம் என்று எடுத்துக்கொள்வது தவறு. இன்று ஆழ்வலி இருக்கிற நாய்க்கு நாளை அது இல்லாமல் போகலாம். அப்போது 90 என்பது 60 ஆகிவிடுகிறது. அதே நேரம், இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்த நாயின் வீட்டாரிடம் "காலம் கடந்துவிட்டது" என்று கதவைச் சாத்துவதும் நியாயமில்லை.

ஆழ்வலி இழந்த நாய்களில் சுமார் 100க்கு 10 முதல் 15 வரை ஒரு கொடிய திருப்பத்தைச் சந்திக்கின்றன. அடிபட்ட இடத்திலிருந்து தண்டுவடம் மேலும் கீழுமாக அழுகி இளகிப்போகிறது. முதுகுத் தோல் துடிக்கும் எல்லை நாளுக்கு நாள் முன்னோக்கி ஏறுகிறது, ஆசனவாய் தளர்கிறது, முன்னங்கால்களும் தளர்ந்து கடைசியில் மூச்சுத் தசைகள் நிற்கின்றன. பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே இது தெரிந்துவிடும். ஆபரேஷனால் இது வருவதில்லை. முதல் மோதலிலேயே விதைக்கப்பட்டது. இது உறுதியானால் நாயை வலியின்றி அனுப்பிவைப்பதுதான் அதற்குச் செய்யும் நன்மை. இது இல்லாதவரை, ஆழ்வலி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல் வாரத்திலேயே கருணைக்கொலை முடிவுக்குப் போக வேண்டாம் என்று மன்றாடிக் கேட்பேன். தேறும் நாய்களில் பலவற்றுக்குச் சில வாரங்களில் உணர்வு திரும்புகிறது. சிலவற்றுக்கு மாதங்கள் ஆகின்றன.

உணர்வு திரும்பாமலேயே நடக்கப் பழகும் நாய்களும் உண்டு. மூளையின் கட்டளை இல்லாமலே அடியெடுத்து வைக்கும் தாளத்தை இடுப்புத் தண்டுவடத்தின் நரம்பு வலை தன்னிடம் வைத்திருக்கிறது. இத்தாலியில், ஆழ்வலி திரும்பாத நாய்களுக்குத் தீவிர இயன்முறைப் பயிற்சி கொடுத்தபோது பாதிக்கு மேற்பட்டவை அப்படித் தானியங்கி நடை நடந்தன. கேம்பிரிட்ஜில் ராபின் ஃபிராங்க்ளின், ஜெஃப்ரி ஆகியோரின் குழு, நெடுநாளாக முடங்கிக் கிடந்த 34 வளர்ப்பு நாய்களை ஆய்வுக்கு எடுத்தது. ஒரு பகுதிக்கு அவற்றின் மூக்கிலிருந்தே எடுத்த செல்களைத் தண்டுவடத்தில் செலுத்தியது, மற்றவற்றுக்கு வெறும் திரவம். 2012இல் முடிவு வெளியானது. செல் பெற்றவற்றின் முன்கால்களும் பின்கால்களும் ஒத்திசைந்து நடப்பது மேம்பட்டது. மூளையோடு அறுந்த தொடர்பு மீளவில்லை. மனிதரின் தண்டுவடக் காயத்துக்கு வழி தேடுகிறவர்களும் அந்த முடிவைக் கூர்ந்து படித்தார்கள்.

சக்கர வண்டி கட்டி நிறைவாக வாழும் நாய்கள் உண்டு. அந்த வாழ்க்கையில் கடினமானது நடை அல்ல, சிறுநீர்ப்பை. தினமும் மூன்று நான்கு முறை வயிற்றை அழுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். தேங்கினால் தொற்று வரும். நாய்க்கு எரிச்சல் தெரியாது, சொல்லாது. இதைச் செய்ய வீட்டில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியை ஆபரேஷனுக்கு முன்பே மருத்துவரும் வீட்டாரும் சேர்ந்து பேச வேண்டும். நன்றாக முடிந்த ஆபரேஷனுக்குப் பிறகும் முதல் சில நாட்கள் இந்தப் பணி இருக்கவே செய்யும்.

ஆபரேஷன் வேண்டாமென்று முடிவானால், அல்லது கைக்கு எட்டவில்லையென்றால், ஓய்வைச் சிகிச்சையாகவே செய்ய வேண்டும். அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரிக்காக நடாஷா ஓல்பி தலைமையில் நிபுணர்கள் 2022இல் வெளியிட்ட ஒருமித்த அறிக்கை, குறைந்தது நான்கு வாரம் கட்டுப்படுத்திய ஓய்வைச் சொல்கிறது. கிழிந்த நார் வளையம் ஆறுவதற்கான காலம் அது. நிற்கவும் திரும்பவும் இடமுள்ள கூண்டு. சிறுநீருக்கு மட்டும் வாரைப் பிடித்து வெளியே. சோபா, படிக்கட்டு, மடிக்குத் தாவுவது எதுவும் கூடாது. மூன்றாம் நாள் வலி குறைந்து நாய் உற்சாகமாக வாலாட்டும்போதுதான் பெரும்பாலானோர் கூண்டைத் திறந்துவிடுகிறார்கள். அப்போது கிழிசல் ஆறியிருக்காது. மிச்சக் கூழும் வெளியே வரலாம்.

ஸ்டெராய்டு ஊசி இன்றும் பல இடங்களில் வழக்கம். கடுமையாகப் பாதிக்கப்பட்ட நாய்களிடம் மெதில்பிரெட்னிசலோனைச் சோதித்த ஆய்வு 2016இல் வெளியானது. மருந்தில்லாத ஊசியைவிட அது எந்தப் பயனும் தரவில்லை. திடீர் வட்டு நோய்க்கு ஸ்டெராய்டை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்பதே இப்போதைய அறிவுரை. அதோடு வேறு வலி மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தால் குடலில் புண்ணாகி ஓட்டை விழக்கூடும். ஒரு மருத்துவர் ஸ்டெராய்டு போட்டிருக்கிறார் என்றால், அடுத்த மருத்துவரிடம் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

ஓய்வில் இருக்கும் நாயை நாளுக்கு இரண்டு முறை ஒரே மாதிரிப் பாருங்கள்: துண்டால் தாங்கினால் கால் அசைகிறதா, மடித்த பாதத்தைத் திருப்பி வைக்கிறதா, சிறுநீர் தானாக வருகிறதா. நோட்டுப் புத்தகத்தில் நேரத்தோடு குறியுங்கள். காலையில் இருந்த அசைவு மாலையில் இல்லையென்றாலும், வலி மருந்துக்கு அடங்காமல் முதுகைக் கூனிக்கொண்டு நடுங்கினாலும், ஓய்வு என்று எடுத்த முடிவு அங்கேயே காலாவதியாகிவிட்டது. மறுநாள் காலைவரை காத்திராமல், அறுவை சிகிச்சை செய்யக்கூடிய மருத்துவரிடம் அந்த நோட்டோடு நாயைக் கொண்டுபோக வேண்டும்.